பூன்சொங்கின் வலது கை

மருத்துவமனைக் கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் உதோம். சட்டை தைத்த காலத்துக் கழுத்து இப்போது அவனிடம் இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் அந்தச் சீருடையைத் திங்கட்கிழமைகளில் அணிய வேண்டும், அன்று புதன். கிழமை தவறிச் சீருடை அணிவது ஒழுங்கீனம் என்று சக ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியவனே அவன்தான். ஆனால் சாதாரணச் சட்டையில் வந்து நியாயம் கேட்ட நாட்களில் ஒருவர்கூட அவனுக்கு நாற்காலி காட்டவில்லை. சட்டம் பேசுகிறவனுக்குத் தோளில் இரண்டு கோடுகள் இருப்பது நல்லது என்று பட்டது. வயிற்றை உள்ளே இழுத்துப் பொத்தானைப் போட்டான். மூச்சை விட்டான். பொத்தான் தெறித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவன் அப்பா பூன்சொங் படுத்திருந்தார். வயது அறுபத்தெட்டு. வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வலது கை மணிக்கட்டில் விலங்கு. விலங்கின் மறுமுனை கட்டில் கம்பியில்.

அந்த விலங்கு கைக்கு வந்த கதை தனி. வெளி மருத்துவமனையில் சேர்க்கப்படும் கைதியின் வலது கணுக்காலைக் கட்டிலோடு பிணைக்க வேண்டும் என்பது அந்தச் சிறையின் விதி. முதலில் அப்படித்தான் பிணைத்திருந்தார்கள். சர்க்கரை நோயில் அழுகிய காலை மருத்துவர்கள் எடுத்த பிறகு, காவலுக்கு இருந்த சாயனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விதி இருக்கிறது, கால் இல்லை. இடது காலில் மாட்டலாமா என்று மேலிடத்தைக் கேட்டான். மேலிடம் ஒரு நாள் முழுக்க யோசித்தது. விதியில் 'வலது' என்ற சொல் ஐயத்துக்கு இடமின்றி இருப்பதால், வலப்பக்கத்தில் எஞ்சியிருக்கும் உறுப்பைப் பிணைக்கவும் என்று பதில் வந்தது.

அப்போது பூன்சொங்குக்குப் பேச்சு இருந்தது. "ஓடறதுக்கு எனக்கு ஒத்தக் கால்தான் இருக்கு. அதுக்கே இம்புட்டுப் பயப்படறாங்க பாரு. பெருமையாத்தான்டா இருக்கு" என்றார்.

அவர் செய்த குற்றம் பகடை உருட்டியது. இழவு வீடுகளில் பிணத்துக்குத் துணை இருப்பவர்கள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது தன் தொண்டு என்பார். ஒரு தட்டு, மூன்று பகடை, மூடுவதற்கு ஒரு மூங்கில் கூடை. ஊர்க் காவல் நிலையத்தில் பாதிப் பேர் அவரிடம் தோற்றவர்கள்தாம். மாற்றலாகி வந்த ஒருவர் மட்டும் விளையாட வராமல் கைது செய்ய வந்தார். முன்பு நிறுத்திவைத்திருந்த பழைய தண்டனையும் அதோடு சேர்ந்துகொள்ள, உள்ளே போனார் பூன்சொங். புண்ணான கால் உள்ளே போய் அழுகியது. அங்கிருந்து இந்தக் கட்டில்.

இரண்டு நாளாக அவர் கண் திறக்கவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்று காலையில் டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

கட்டிலின் இடப்பக்கம் அவன் அம்மா லம்யாய் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு வாழையிலைக் கூம்பு. அதற்குள் செண்டுமல்லி, இரண்டு ஊதுபத்தி, ஒரு மெழுகுவர்த்தி. சாகிறவர் இரண்டு கையையும் கூப்பி, நடுவில் அந்தக் கூம்பைப் பிடித்தபடி கடைசி மூச்சை விட வேண்டும். அப்படிப் போனால்தான் தேவலோகத்தில் இருக்கும் புத்த ஸ்தூபிக்குப் பூ கொண்டுபோக முடியும். லம்யாயின் அப்பா அப்படித்தான் போனார். அவள் அம்மாவும் அப்படித்தான் போனாள். கையில் பகடையோடு வாழ்ந்த மனிதன் போகும்போதாவது பூவோடு போகட்டும் என்பது அவள் கணக்கு.

"பூ வாடிடுச்சேம்மா. வேற வாங்கிட்டு வரட்டா?" என்றான் உதோம்.

"தண்ணி தெளிச்சிருக்கேன். நீ அந்தக் கையக் கேளு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்." பிறகுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்கு என்னடா காக்கி? கழுத்துல பொத்தானக் காணோம்?"

"விழுந்துடுச்சு."

"போட்டிருந்தாலும் மூச்சு முட்டியிருக்கும்."

விலங்குக்கும் தோலுக்கும் நடுவே கொஞ்சம் பஞ்சு இருந்தது. சாயன் நர்ஸிடம் கேட்டு வாங்கி வைத்தது. அப்பாவின் மணிக்கட்டு வீங்கி, இரும்பு பாதி உள்ளே அமுங்கியிருந்தது.

மதியம், வார்டுக்கு வெளியே நின்று பிளாஸ்டிக் பையிலிருந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாயன் உதோமைக் கூப்பிட்டான். முப்பது வயதுகூட இருக்காது. மருத்துவமனைக் காவல் என்பது சிறைக்காரர்களிடையே ஒரு தண்டனை மாதிரி. அவன் எதற்காக அதை அனுபவித்தான் என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணே, இப்படி வாங்க. நான் ஒண்ணும் சொல்லல, சரியா? எங்கூடக் காவல் இருக்கற கூட்டாளி சாயங்காலம் டீ குடிக்கப் போவான். போனா சீக்கிரம் வர மாட்டான். உங்கப்பாவுக்கு மூச்சு மாறுதுன்னா அம்மாவ விட்டு என்னக் கூப்பிடச் சொல்லுங்க. திரைய இழுத்து விட்டுட்டுத் தொறந்து விட்டுடறேன். பூவ வச்சுக்கட்டும். எல்லாம் ஆனப்புறம் மாட்டிடறேன். யாருக்கும் தெரியாது."

சாவி அவன் இடுப்பில் தொங்கியது. உதோம் அதைப் பார்த்தான். அந்த நேரத்தில் 'சரிப்பா' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எழுத்தறிவில்லாத எவனும் அதைச் சொல்லியிருப்பான்.

"யாருக்கும் தெரியாமயா?" என்றான் உதோம்.

"ஆமாண்ணே."

"எங்கப்பா கையக் கூப்பறதுக்கு நாங்க என்ன திருடவா செய்யறோம்? நீ என்ன எனக்குப் பிச்சை போடறியா? அறுபது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு விலங்கே கூடாதுன்னு உங்க விதியிலயே இருக்கு. நான் படிச்சிருக்கேன். கழட்டறதுன்னா விதிப்படி கழட்டு. மொத்தமாக் கழட்டு."

"விதி இருக்குண்ணே. ஆனா அதுக்குக் கடைசியில ஒரு வரி வருமே."

வரத்தான் வந்தது. 'அவசியம் என்று பொறுப்பு அதிகாரி கருதினாலொழிய.' விதி என்பது நாலு அறை உள்ள வீடு. அதிகாரிகள் எல்லோரும் குடியிருப்பது அந்தக் கடைசி அறையில்தான். இருபது வருடமாக ஊராட்சி அலுவலகத்தில் மக்களை அந்த அறை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது உதோமின் வேலை. இருந்தும் தனக்குக் கதவு திறக்கும் என்று நம்பினான்.

"உங்க மேலதிகாரி நம்பர் குடு" என்றான்.

"வேணாம்ண்ணே. அவரு இன்னிக்கு ரொம்ப பிஸி."

சிறை தொடங்கப்பட்ட ஆண்டு விழா அன்று. அதிகாரிகள் எல்லோரும் ஆற்றங்கரைக் கோயிலில் புண்ணியத்துக்காக மீன்களை விடுதலை செய்துகொண்டிருந்தார்கள். வாளி வாளியாகக் கெளுத்தி, பிறகு ஆமை, கடைசியில் கூண்டுப் பறவைகள். ஆகவே போனை யாரும் எடுக்கவில்லை. உதோம் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே ஒரு மனுவை எழுதினான். அவன் எழுதியதிலேயே சிறந்த மனு அதுதான். முதுமை, நோய், மனித மாண்பு என்று படிப்படியாக ஏறி ஒரு சிகரத்தில் போய் நின்றது: 'காவலில் உள்ள அலுவலரே விலங்கைத் திறந்துவிடத் தாமாக முன்வந்ததிலிருந்து, மேற்படி விலங்கு அவசியமற்றது என்பது சிறைத்துறைக்கே தெரியும் என்பது தெளிவாகப் புலனாகிறது.'

'புலனாகிறது' என்ற சொல்லில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது. மனுவை மாகாணச் சிறைத்துறை அலுவலகத்துக்கு அனுப்பினான்.

கூடவே மருத்துவச் சான்று ஒன்றும் இருந்தால் நல்லது என்று டாக்டரம்மாவிடம் போனான். படிப்பு முடித்து வந்து அதிக நாள் ஆகாத பெண். தூங்கி எத்தனை நாளோ என்னும்படி இருந்தாள்.

"விலங்கு சிகிச்சைக்கு இடைஞ்சலா இருக்குன்னு எழுதிக் குடுத்தா கழட்டுவாங்க. முன்னயும் எழுதியிருக்கேன்" என்றாள்.

"அப்ப எழுதிக் குடுங்க டாக்டர்."

"எப்படிங்க எழுதறது? சிகிச்சையத்தான் நேத்தே நிறுத்திட்டோமே. வலி மருந்து மட்டும்தான் போகுது, அதுவும் இடது கையில. இல்லாத சிகிச்சைக்கு எது இடைஞ்சல்னு கேப்பாங்க." அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "சாகப் போறாருன்னு வேணா எழுதித் தரேன்."

எழுதிக் கொடுத்தாள். உதோம் அதைச் சாயனிடம் காட்டினான். சாயன் இரண்டு தடவை படித்தான்.

"நோய்க்கு விதி இருக்குண்ணே. செத்துட்டாலும் இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்லியே" என்றான் வருத்தமாக.

மனுவுக்குப் பலன் அன்றைக்கே கிடைத்தது. அரசாங்கம் மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்பவர்கள் அதனிடம் சரியான வேலையைக் கொடுத்ததில்லை. வெயில் தாழ்வதற்குள் சிறையின் துணைக் கண்காணிப்பாளர் ஒருவர் நேரில் வந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது; மேலே ஆற்று வாடை. வந்ததும் லம்யாயை வணங்கினார். படுத்திருந்தவரையும் வணங்கினார்.

"உங்க மனுவப் படிச்சேன். அருமையான நடை. எங்க ஆபீஸ்ல இப்படி எழுத ஒருத்தன் இல்ல" என்றார் உதோமிடம். "நாங்க உங்க பக்கம்தான் சார். முடிவு நாளைக்குக் காலையில உங்களுக்கு எழுத்து மூலமாவே வந்துடும். அதுவரைக்கும், தன் இஷ்டத்துக்குத் தொறக்கறவன் கையில சாவி இருக்கறது உங்களுக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து."

சாயன் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினான். அவர் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து விலங்கைப் பார்த்தார்.

"இது என்ன பஞ்சு? யார் உத்தரவு?"

"தோலு உரியுதுங்க சார், அதான்..." என்றான் சாயன்.

"விதியில பஞ்சு இருக்கா?"

பஞ்சு இல்லை. அதை அவரே மெதுவாக, பூன்சொங்குக்கு வலிக்காமல் உருவி எடுத்தார். லம்யாயை மறுபடி வணங்கிவிட்டுப் போனார். படிக்கட்டு வரை அவருடைய ஈரக்கால் தடம் இருந்தது.

லம்யாய் பிறகு கேட்டாள்:

"அந்தத் தம்பி தொறந்து விடறேன்னு சொன்னுச்சா?"

"சட்டப்படி பாத்தா அம்மா, அது..."

"சொன்னுச்சா?"

"சொன்னான்."

அவள் பாட்டிலிலிருந்து தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிப் பூவின் மேல் தெளித்தாள். விரலைச் சட்டையின் ஓரத்தில் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சாயனின் கூட்டாளி டீ குடிக்கப் போனான். சாயன் வாசலில் நின்றபடி அவன் போவதைப் பார்த்தான். உதோமும் பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்கு, தினமும் போல, ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தது. நடைபாதையில் போனவர்கள் போன இடத்திலேயே நின்றார்கள். மருந்து வண்டி நின்றது. சாயன் விறைப்பாக நின்றான். உதோமின் உடம்பும் அவனைக் கேட்காமலே எழுந்து, கைகளைத் தொடையோரம் வைத்துக்கொண்டு நின்றது. சீருடை வேறு. அப்பாவின் மூச்சு ஒரு தடவை போய், நெடுநேரம் வராமல் இருந்து, பிறகு வந்ததை அவன் நின்றபடியே கேட்டான்.

லம்யாய் மட்டும் நிற்கவில்லை. அவள் பூன்சொங்கின் இடது கையைத் தூக்கி, மார்புக்குக் குறுக்கே வலப்பக்கம் கொண்டுபோனாள். குழாய் இழுத்தது. கை முடிந்தவரை வந்தது. விலங்கிட்ட கை கம்பியோரம் கிடந்தது, எட்டவில்லை. ஒரு சாண் குறைந்தது.

"திருப்பிப் பிடிடா. இவரச் சாச்சுப் பிடி" என்றாள்.

கீதம் முடியவில்லை. உதோம் குனிந்து அப்பாவின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து வலப்பக்கமாகச் சாய்த்தான். எடையே இல்லை. தொண்டையில் நீர் கலங்கும் சத்தம் வந்தது, முகம் கறுத்தது.

"வேணாம், வேணாம், படுக்க வை" என்றாள் லம்யாய்.

படுக்க வைத்தான். அவள் பூக்கூம்பை அவர் மார்பின் மேல் வைத்தாள். மூச்சில் அது சரிந்தது, நிமிர்த்தி வைத்தாள். காதருகே குனிந்து "புத்தோ... புத்தோ..." என்று புத்தர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த தடவை கூம்பு சரிந்ததும் நிமிர்த்தினாள். அதற்குப் பிறகு அது சரியவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு நேரம் சொன்னாள். இறந்த கைதியின் விலங்கை அகற்றலாம். அதில் விதிக்குக் குழப்பம் இல்லை. சாவிதான் இல்லை. துணைக் கண்காணிப்பாளர் ஆண்டு விழா விருந்தில் இருந்தார். சாயன் போன் மேல் போன் போட்டு, பிறகு ஒரு ஆளை மோட்டார் சைக்கிளில் அனுப்பினான். சாவி வந்து சேர்ந்தபோது பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு இரவுச் சாப்பாடு முடிந்து தட்டுகளும் போய்விட்டிருந்தன. அதற்குள் அந்தக் கை, கட்டிலை விட்டு வெளியே நீண்ட வாக்கில் விறைத்துக்கொண்டிருந்தது.

சாயன் திறந்தான். ஒரு சின்ன 'க்ளிக்'. அவ்வளவுதான் அது. விலங்கைப் பையில் போடுவதற்கு முன் தரையில் மண்டியிட்டு வணங்கினான்.

"பெரியப்பா, தெரிஞ்சோ தெரியாமயோ நான் செஞ்சதெல்லாம் மன்னிச்சிடுங்க."

எழுந்ததும் உதோமிடம், "வரேன்ண்ணே. நாளைக்குக் காலையில எனக்கு விசாரணை இருக்கு. சீக்கிரம் போகணும்" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் உதோமுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஊர்க் கோயில் மண்டபத்தில் உடலைக் கிடத்தியிருந்தார்கள். இறந்தவரின் வலது கையைத் துணிக்கு வெளியே நீட்டி வைத்து, வருகிறவர்கள் அந்த உள்ளங்கையில் வாசனை நீர் ஊற்றி விடை கொடுப்பது வழக்கம். மற்ற சாவுகளில் கையை நீட்டி வைக்கப் படாத பாடு படுவார்கள். பூன்சொங்கின் கை ஏற்கனவே நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே திறந்தபடி. அவரிடம் பகடையில் தோற்ற காவலர்கள் வரிசையாக வந்து ஊற்றினார்கள். நீர் மணிக்கட்டின் பள்ளத்தில் ஒரு நொடி தேங்கி நின்று வழிந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

சிறையிலிருந்து ஒரு மலர்வளையம் வந்திருந்தது. இறந்தவர் பெயரைவிடத் துறையின் பெயர் பெரியதாக இருந்தது. அதை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது உதோமின் கைப்பேசி அதிர்ந்தது. சொன்னபடி காலையிலேயே முடிவு வந்துவிட்டது. மனிதாபிமான அடிப்படையில் கைதியின் வலது கை விலங்கை அகற்ற அனுமதி அளிக்கப்படுகிறது. அதற்குப் பதில் இடது கணுக்காலைப் பிணைக்கவும். உதோம் அதைக் கடைசி வரி வரை படித்தான். கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்தான்.

பிணத்தைக் கட்டிப் பெட்டியில் வைப்பது ஹெங்கின் வேலை. பகல் முழுக்கக் கோயிலில் பிணம் கட்டுவார். ராத்திரி பூன்சொங்கோடு சேர்ந்து பகடை உருட்டுவார். இரண்டு தொழிலுக்கும் ஒரே வாடிக்கையாளர்கள்.

"சனியன் பிடிச்சவனே, நீ என்னக் கட்டுவேன்னுதான்டா பந்தயம் வச்சிருந்தேன். அதுலயும் என்னத் தோக்கடிச்சிட்டியே" என்று பூன்சொங்கின் முகத்தைத் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார், அதே துணியால்.

வெள்ளை நூல்கயிறு கையில் இருந்தது. கழுத்தில் ஒரு கட்டு, பிள்ளைக்காக. கூப்பிய கையில் ஒரு கட்டு, பெண்டாட்டிக்காக. காலில் ஒரு கட்டு, சொத்துக்காக. மனிதன் அந்த மூன்றாலும்தான் கட்டுண்டு கிடந்தான் என்பதற்கு அடையாளம். ஹெங் கழுத்தில் சுற்றினார். காலுக்கு வந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். இருந்த காலிலும் இல்லாத காலின் முழங்காலிலும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டார். யாரையும் கேட்கவில்லை.

கைதான் வரவில்லை. வெந்நீர்த் துணியால் தோளிலிருந்து ஒற்றடம் கொடுத்தார். முழங்கையை அமுக்கிவிட்டார்.

"அண்ணே, கையக் குடு. முரண்டு பிடிக்காத. எத்தன வருஷம் எங்கூட உருட்டின கை இது. இப்ப என்ன வெக்கம்?"

உதோம் அருகில் நின்று பார்த்தான். "விட்டுடுங்க சித்தப்பா. கட்ட வேணாம். அப்படியே இருக்கட்டும்" என்றான்.

"அப்படியே இருந்தா மூடி சாத்தாதுடா."

"நவுரு" என்றாள் லம்யாய்.

ஹெங் எழுந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல் விரலாகத் தேய்த்தாள். மணிக்கட்டுக்கு வந்தபோது அந்தப் பள்ளத்தைத் தாண்டி மேலே போனாள். வெகுநேரம் ஆனது. கிழட்டுப் பிக்கு ஒருவர் மட்டும் விசிறியோடு தூணில் சாய்ந்திருந்தார், அவரும் அவசரப்படுத்தவில்லை. முழங்கை ஒரு சத்தத்தோடு மடங்கியது. இரண்டு உள்ளங்கையும் மார்பின் மேல் சேர்ந்தன. அவள் நடுவில் புதுக் கூம்பு ஒன்றைச் செருகினாள். கையை விட்டாள். வலது கை நழுவி மறுபடி வலப்பக்கம் விழுந்தது.

எடுத்துச் சேர்த்தாள். இம்முறை விடவில்லை.

அப்படியே உடலைத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார்கள். அவளும் குனிந்தபடியே கூட நகர்ந்தாள். ஹெங் நூல்கயிற்றை நீட்டினார்.

"கையில கட்டாத" என்றாள்.

"கட்டலன்னா நிக்காது அண்ணி."

"நான் பிடிச்சிருக்கேன்ல?"

"எம்புட்டு நேரம் பிடிப்பீங்க?"

அவள் பெட்டிக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. பெட்டியின் விளிம்பு அவள் விலாவில் அழுந்தியது. ஹெங் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மூடியின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை உதோமிடம் கொடுத்தார்.

"மூடலாமாடா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "நீ சொல்லு."

மூடி மெல்லிய பலகையாக இருந்தாலும் கனத்தது. உதோம் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். சற்று நேரம் கழித்து மறுபடி வலது கைக்கு மாற்றிக்கொண்டான்.